கேலரி நிறைஞ்சா கிளப் கல்லா நிறையுமா? திருவனந்தபுரம் கொம்பன்ஸ் வழியாக ஒரு மேட்ச்டே கணக்கு

திருவனந்தபுரம் பாளையத்தில், நகரத்தின் நட்ட நடுவில் இருக்கிறது சந்திரசேகரன் நாயர் போலீஸ் ஸ்டேடியம். 2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கியதிலிருந்து திருவனந்தபுரம் கொம்பன்ஸ் கிளப்பின் சொந்த மைதானம் இதுதான். ‘சொந்த’ மைதானம் என்பது கால்பந்துக்காரர்களின் பேச்சுவழக்கு. மற்றபடி பெயரைப் பார்த்தாலே தெரியும், இடம் போலீஸுடையது.

கொம்பன்ஸ் புது கிளப். முதல் சீசனுக்கே பிரேசில் பயிற்சியாளரையும் பிரேசில் வீரர்களையும் கூட்டி வந்தது. அரையிறுதி வரை போய், கோழிக்கோட்டில் காலிகட் எஃப்சியிடம் தோற்றது. அந்த சீசனில் லீக் சுற்றில் மொத்தம் 10 மேட்ச். அதில் பாதி வெளியூர். ஆக, வருஷத்தில் 5 ராத்திரிகள்தான் இந்த கிளப்பால் தன் ஊரில் கேட்டைத் திறந்து டிக்கெட் விற்க முடிந்தது.

இந்த 5 ராத்திரிகளில் எவ்வளவு காசு வரும், அதில் எவ்வளவு கிளப்பிடம் தங்கும் என்பதுதான் இந்த விளக்கக் கட்டுரையின் கேள்வி. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலரும் கேட்பது இது: “கேலரி ஃபுல்லா இருக்கு, அப்புறம் ஏன் இந்திய கிளப் எல்லாம் நஷ்டம்னு சொல்றாங்க?”

மேட்ச்டே வருமானம் என்றால் என்ன?

கால்பந்து கிளப்பின் வருமானத்தை மூன்று பைகளாகப் பிரிப்பார்கள். டிவி, ஓடிடி உரிமையில் வரும் பங்கு முதல் பை. ஜெர்சி ஸ்பான்சர், விளம்பரப் பலகை, ஜெர்சி விற்பனை எல்லாம் சேர்ந்த வணிக வருமானம் இரண்டாவது. மேட்ச் நடக்கும் நாளில் மைதானத்துக்கு வரும் ஆட்களால் கிடைப்பது மூன்றாவது. அதைத்தான் மேட்ச்டே வருமானம் என்கிறோம். தனி டிக்கெட், சீசன் டிக்கெட், பாக்ஸ், விருந்தோடு சேர்ந்த ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட், சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் இதில் வரும்.

உலகத்தில் அதிகம் சம்பாதிக்கும் 20 கிளப்களின் கணக்கை டெலாய்ட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-24 சீசனில் அந்த 20 கிளப்பும் சேர்ந்து சம்பாதித்தது சுமார் 1,120 கோடி யூரோ. அதில் மேட்ச்டே பங்கு சுமார் 210 கோடி யூரோ. அதாவது 18 சதவீதம். மூன்று பைகளில் இதுதான் சின்னது. ஆனால் அந்த வருஷம் வேகமாக வளர்ந்ததும் இதுதான்.

இந்தப் பை எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020-21ல் அதே பட்டியலின் 20 கிளப்களுக்கும் சேர்த்து வந்த மேட்ச்டே வருமானம் சுமார் 11 கோடி யூரோதான். நம்மூரில் கேரளா பிளாஸ்டர்ஸ் உட்பட எல்லா ஐஎஸ்எல் டீம்களும் 2020-21, 2021-22 ஆகிய இரண்டு சீசன்களைக் கோவாவில் ஆடின. லீக் ஆட்டங்களுக்கு ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. ஐஎஸ்எல்லில் மிகப் பெரிய கூட்டம் சேர்க்கும் டீம்களில் ஒன்றான பிளாஸ்டர்ஸ், இரண்டு வருஷம் கொச்சியில் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை.

டிவி காசும் வணிகக் காசும் அந்த இரண்டு வருஷத்தில் கிளப்களைக் காப்பாற்றின. இப்போது அந்தப் பக்கமும் ஆட்டம் கண்டிருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ரிலையன்ஸ் தரப்புக்கும் 2010ல் போடப்பட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அது புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையிலேயே ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருவழியாக 2026 பிப்ரவரி 14ல் தொடங்கியபோது தொடரே சுருங்கிவிட்டது: 14 டீம், ஒவ்வொன்றும் மற்றதோடு ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டம். முந்தைய சீசனில் ஒரு கிளப்புக்கு 12 ஹோம் மேட்ச் இருந்தது. அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. டிவி காசு நிச்சயமில்லாத நேரத்தில் கேட் காசுக்கான நாட்களும் குறைந்துபோனது.

முதல் விஷயம்: எத்தனை நாள் கடை திறக்கிறீர்கள்?

டிக்கெட் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாட்களை எண்ண வேண்டும். இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்புக்கு லீக்கில் மட்டும் 19 ஹோம் மேட்ச். கோப்பை ஆட்டங்களும் ஐரோப்பியப் போட்டிகளும் அதற்கு மேல். கொம்பன்ஸுக்கு 5. வருஷத்தில் 5 நாள் திறக்கும் கடைக்கு நிரந்தர ஊழியர் வைக்க முடியாது, சமையல்காரர் வைக்க முடியாது, நல்ல டாய்லெட் கட்டச் சொல்லி யாரையும் நெருக்கவும் முடியாது.

அந்த 5 நாள்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சூப்பர் லீக் கேரளாவின் முதல் சீசனில் 6 டீம், மைதானம் 4தான். கண்ணூர் வாரியர்ஸ் தன் ‘ஹோம்’ ஆட்டங்களைக் கோழிக்கோட்டில் ஆடியது, திருச்சூர் மேஜிக் மஞ்சேரியில் ஆடியது. தன் ஊர்க்காரர்கள் இரண்டு மணி நேரம் பஸ் ஏறி வந்தால்தான் டிக்கெட் விற்கும் என்ற நிலை. இரண்டாவது சீசனில்தான் அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

ஹோம் டீமுக்கே கேட் காசு முழுவதும் போக வேண்டும் என்பதும் எப்போதும் இருந்த விதி இல்லை. இங்கிலாந்து லீக்கில் 1983 வரை ஹோம் கிளப் தன் கேட் வசூலில் ஒரு பங்கை வந்திருக்கும் டீமுக்குக் கொடுத்தது. பெரிய மைதானம் வைத்திருந்த கிளப்களின் நெருக்குதலால் அது நின்றது. பெரியவர்கள் மேலும் பெரியவர்களானதற்கு அதுவும் ஒரு காரணம். எஃப்ஏ கோப்பையில் மட்டும் இன்றைக்கும் இரண்டு டீமும் வசூலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஏதாவது ஒரு மூன்றாம் டிவிஷன் டீமுக்கு மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் ஆட்டம் விழுந்தால் அவர்கள் ஏன் துள்ளிக் குதிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் அதுதான். ஒரே நாளில் பெரிய தொகை வந்துவிடும்.

திருவனந்தபுரத்துக்கு கேட் காசு ஏன் புதுசு?

இந்த ஊருக்குக் கால்பந்து புதுசு இல்லை. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூரிலும், எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூரிலும் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள் சந்தோஷ் டிராபி வரை போயிருக்கிறார்கள். கேரளா போலீஸ் டீம் 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன் எல்லாம் அந்த டீமின் வார்ப்புகள். திருவிதாங்கூர் ஸ்டேட் பேங்க், டைட்டானியம் என்று தலைநகரத்தில் ஆபீஸ் டீம்களும் வலுவாக இருந்தன.

ஆனால் அவை எதுவும் டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டிய டீம்கள் இல்லை. வீரருக்குச் சம்பளம் துறை கொடுக்கும், பேங்க் கொடுக்கும். கேலரியில் பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் மாசம் பிறந்தால் சம்பளம் வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்ததால் எத்தனையோ குடும்பங்கள் கரையேறின என்பது உண்மை. அதே நேரம், ரசிகரை வாடிக்கையாளராகப் பார்க்கும் பழக்கம் இந்த ஊரில் உருவாகவே இல்லை.

வடக்கே மலபாரில் கதை வேறு. அங்கே செவன்ஸ் என்ற ஏழு பேர் ஆட்டம் முழுக்க முழுக்க கேட் காசில் ஓடுகிறது. அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் பாக்கு மரமும் வைத்து கேலரி கட்டி, ஆப்பிரிக்க வீரர்களை இறக்கி, டிக்கெட் போட்டு, லாபத்தில் ஊர் கிளப்புக்கோ ஏதாவது ஒரு நோயாளியின் சிகிச்சைக்கோ கொடுத்துவிடுவார்கள். மேட்ச்டே வருமானம் என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அதை நடத்திக் காட்டியவர்கள். அதன் இன்னொரு முகம், 2022 மார்ச்சில் மலப்புறம் காளிகாவு அருகே பூங்கோட்டில் தற்காலிக கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தது. பாதுகாப்புக்குச் செலவழிக்காத வரைக்கும்தான் அந்த லாபக் கணக்கு அவ்வளவு எளிமையாக இருக்கும்.

ஒரு டிக்கெட்டின் பயணம்

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். கீழே வருபவை எந்த கிளப்பின் உண்மையான கணக்கும் இல்லை, புரிந்துகொள்வதற்காக நான் போட்ட எண்கள்.

ஒரு மேட்ச்சுக்கு 10 ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 ஆயிரம் பேர் ஓசி பாஸ். சிரிக்க வேண்டாம், இந்தியாவில் எந்த ஸ்டேடியத்திலும் இது நடக்கும். மைதானத்துக்குச் சொந்தமான துறை, போலீஸ், மாநகராட்சி, மின்வாரியம், ஸ்பான்சர், லோக்கல் சங்கம் என்று ஆளுக்கு ஒரு கட்டு போகும். மீதி 8 ஆயிரம் பேரில் 6 ஆயிரம் பேர் 150 ரூபாய் டிக்கெட், 1,700 பேர் 300 ரூபாய், 300 பேர் 500 ரூபாய். கூட்டினால் 15 லட்சத்து 60 ஆயிரம். ஐந்து மேட்ச்சுக்கு 78 லட்சம்.

இது கேட்டில் வந்த காசு. இதிலிருந்து மாநகராட்சியின் கேளிக்கை வரி, டிக்கெட் ஆப்பின் கமிஷன், மைதான வாடகை, ஃப்ளட்லைட் கரண்ட், ஜெனரேட்டர் டீசல், தனியார் செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ், ஃபயர் சர்வீஸ், மறுநாள் குப்பை அள்ளும் கூலி எல்லாம் போக வேண்டும். இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை 3 ஆயிரம் பேர் வந்தாலும் 10 ஆயிரம் பேர் வந்தாலும் ஒன்றுதான். அதனால்தான் கூட்டம் கொஞ்சம் குறைந்தாலும் லாபம் மொத்தமாகக் காணாமல் போகிறது. மிச்சம் இருப்பதை வைத்து ஒரு பிரேசில் வீரரின் சீசன் சம்பளத்தை யோசித்துப் பாருங்கள்.

அப்ப விலையை ஏத்திட வேண்டியதுதானே? அங்கே வரி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்கான நுழைவு டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. 500ஐத் தாண்டினால் 18 சதவீதம். ஐபிஎல் வகைக்கு அதைவிட அதிகம்: 28ல் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆக 500 ரூபாய் டிக்கெட்டை 510 ஆக்கினால் ரசிகர் கையிலிருந்து போவது சுமார் 602 ரூபாய். கிளப்புக்கு 10 ரூபாய் கூட, அரசுக்கு 92. கேலரி டிக்கெட் பெரும்பாலும் 500க்குள்ளேயே நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

விலையும் வரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதே நகரம் கண்ணால் பார்த்திருக்கிறது. அது கிரிக்கெட்தான், ஆனாலும் பாடம் ஒன்றே. 2023 ஜனவரி 15, காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியத்தில் இந்தியா-இலங்கை ஒருநாள் போட்டி. மேல் தட்டு டிக்கெட் 1,000 ரூபாய், கீழ்த் தட்டு 2,000. 18 சதவீத ஜிஎஸ்டியோடு, 5 சதவீதமாக இருந்த கேளிக்கை வரியும் 12 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. 1,000 ரூபாய் டிக்கெட் ஏறக்குறைய 1,300 ஆனது. மாநில விளையாட்டுத் துறை அமைச்சர் அதை நியாயப்படுத்திப் பேசப்போக அது பெரிய சர்ச்சையானது. மேட்ச் அன்றைக்கு விராட் கோலி 166 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து உலக சாதனை படைத்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. பெரும்பாலான இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

நியாயமாகச் சொன்னால் விலை மட்டுமே காரணம் இல்லை. தொடரை இந்தியா ஏற்கெனவே 2-0 என வென்றிருந்தது. அன்றைக்குப் பொங்கல், சபரிமலை மகரவிளக்கு சீசன் வேறு. ஆனாலும் காலி கேலரி டிவியில் தெரிந்த பிறகு ஸ்பான்சரிடம் பேரம் பேசுவது கஷ்டம். மூன்று பைகள் தனித்தனி என்று மேலே சொன்னேன். நடைமுறையில் மூன்றாவது பை காலியானால் மற்ற இரண்டிலும் ஓட்டை விழும்.

ஹாஸ்பிடாலிட்டி: 2 சதவீதம் பேர், 28 சதவீதம் காசு

மறுபடியும் நம் கற்பனைக் கணக்குக்கு வருவோம். அதே மைதானத்தில் 200 இருக்கைகளை மட்டும் தனியாக ஒதுக்குகிறோம். நல்ல நாற்காலி, ஃபேன், மேட்ச்சுக்கு முன்னால் பொரோட்டாவும் பீஃபும், பாதி நேரத்தில் டீ, முடிந்ததும் ஒரு வீரரோடு செல்ஃபி. விலை 3,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 200 பேர், 6 லட்சம். மொத்த வசூல் இப்போது 21 லட்சத்து 60 ஆயிரம். கூட்டத்தில் 2 சதவீதம் பேர், வசூலில் 28 சதவீதம். ஆளுக்கு 1,000 ரூபாய் சாப்பாட்டுச் செலவு போனாலும் 4 லட்சம் மிஞ்சும்.

இதைத்தான் ஐரோப்பிய கிளப்கள் பெரிய அளவில் செய்கின்றன. ஆர்சனல் சுமார் 38 ஆயிரம் பேர் கொள்ளும் ஹைபரியை விட்டுவிட்டு 2006ல் 60 ஆயிரம் பேருக்கான எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனது. அங்கே நடு அடுக்கு முழுவதும், சுமார் 7 ஆயிரம் இருக்கைகள், ‘கிளப் லெவல்’ என்ற உயர் விலைப் பகுதி. அதோடு சுமார் 150 பாக்ஸ். வளர்ச்சியில் பெரும் பங்கு அந்த வளையத்திலிருந்துதான் வந்தது.

டாட்டன்ஹாம் 2019ல் திறந்த புது மைதானம் இன்னும் ஒரு படி மேல். 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், உள்ளேயே பீர் தயாரிக்கும் கூடம், 65 மீட்டர் நீள பார் கவுன்ட்டர். 2023-24ல் ஐரோப்பியப் போட்டி எதுவுமே இல்லாதபோதும் மேட்ச்டே வருமானம் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. பழைய ஒயிட் ஹார்ட் லேனில் அதில் பாதிகூட வந்ததில்லை. ரியல் மாட்ரிட் தன் பெர்னபாவ் மைதானத்தைப் புதுப்பித்த பிறகு 2023-24ல் மேட்ச்டே வருமானம் இரட்டிப்பாகி 24.8 கோடி யூரோவைத் தொட்டது. ஒரு சீசனில் மொத்தம் 100 கோடி யூரோ தாண்டிய முதல் கிளப்பாக அது ஆனதில் விஐபி இருக்கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த இருக்கைகளை வாங்குவது யார்? பெரும்பாலும் கம்பெனிகள். கிளையண்டைக் கூட்டிப் போக, டீம் அவுட்டிங் வைக்க, டீலருக்குப் பரிசு கொடுக்க. கேலரி ரசிகர் தன் சம்பளத்திலிருந்து 150 ரூபாயா 200 ரூபாயா என்று யோசிப்பார். கம்பெனி மேனேஜருக்கு அது ஒரு பில். விலை உயர்வுக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி துடிக்க மாட்டார்கள் என்பதில்தான் ஹாஸ்பிடாலிட்டி வியாபாரமே நிற்கிறது.

நம்மூரில் ‘விஐபி’ என்றால் காசு கொடுக்காதவர்

ஐரோப்பாவில் விஐபி பகுதி என்பது மைதானத்திலேயே அதிகம் காசு கொடுப்பவர் உட்காரும் இடம். நம்மூரில் அது ஒரு பைசா கொடுக்காதவர் உட்காரும் இடம். மைய வட்டத்துக்கு நேராக, நிழலில், சோபா போட்ட அந்தப் பகுதிதான் மைதானத்தின் விலை உயர்ந்த நிலம். அதை பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கிவிட்டு மீதியை விற்கப் பார்க்கிறோம்.

இந்தக் கலாச்சாரம் எங்கே போய் முடியும் என்பதற்கு 2025 டிசம்பர் 13 கொல்கத்தா சாட்சி. சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு லியோனல் மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிய ரசிகர்களுக்கு அவர் சரியாகக் கண்ணில்கூடப் படவில்லை. அவரைச் சுற்றி அரசியல்வாதிகளும் விஐபிகளும் மொய்த்திருந்தார்கள். சிறிது நேரத்தில் அவர் கிளம்பிவிட, நாற்காலிகள் பறந்தன, ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். அது கிளப் மேட்ச் இல்லை, ஷோதான். ஆனால் காசு கொடுத்தவரின் பார்வையை காசு கொடுக்காதவர் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

வாடகைக்காரரின் பிரச்சினை

கொம்பன்ஸ் அந்த 200 நாற்காலியை நாளைக்கே போட்டுவிட முடியாதா? போடலாம். ஆனால் மேட்ச் முடிந்ததும் கழற்ற வேண்டும். நிரந்தர பாக்ஸ் கட்டவோ, சமையலறை அமைக்கவோ, லிஃப்ட் வைக்கவோ வாடகைக்கு இருப்பவரால் ஆகாது. கட்டினாலும் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்ற உத்தரவாதம் கிடையாது.

கொச்சியில் பிளாஸ்டர்ஸின் நிலையும் இதுதான். கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜிசிடிஏவுக்குச் சொந்தம். ஐஎஸ்எல்லின் ஆரம்ப சீசன்களில் அங்கே சராசரிக் கூட்டம் 50 ஆயிரத்தைத் தொட்டது. பிறகு பாதுகாப்பு விதிகளால் அனுமதிக்கப்படும் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. அத்தனை கூட்டம் வந்தும் மைதானம் எப்போது எதற்குக் கொடுக்கப்படும் என்பதை கிளப் தீர்மானிக்க முடியவில்லை. 2018ல் கால்பந்துப் புல்தரையைத் தோண்டி கிரிக்கெட் பிட்ச் போடும் யோசனை வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், சச்சின் டெண்டுல்கர்கூடக் குரல் கொடுத்தார். கடைசியில் அந்த இந்தியா-மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டம் 2018 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரம் கிரீன்ஃபீல்டில் நடந்தது. 2024 டிசம்பர் 29ல் அதே கலூரில் பெரிய நடன நிகழ்ச்சி ஒன்றில், கேலரியில் போட்ட தற்காலிக மேடையிலிருந்து திருக்காக்கரை எம்எல்ஏ உமா தாமஸ் விழுந்து படுகாயமடைந்தார். 2025ல் அர்ஜென்டினா டீம் வரப்போகிறது என்று புதுப்பிப்பு வேலை தொடங்கியது. டீம் வரவில்லை. எல்லா முடிவுகளும் கிளப்புக்கு வெளியே எடுக்கப்பட்டவை.

சென்னையிலும் இதே கதை. சென்னையின் எஃப்சி ஆடும் நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. ஓட்டப் பந்தயப் பாதை சுற்றி வருவதால் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து தூரத்தில்தான் தெரியும். அப்படிப்பட்ட இருக்கையை எந்த விலைக்கு ஹாஸ்பிடாலிட்டி என்று விற்பது?

திருவனந்தபுரத்தின் முரண் இன்னும் சுவாரசியமானது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட கிரீன்ஃபீல்ட், நகரத்தின் பெரிய நவீன ஸ்டேடியம். 2016 ஜனவரி 3 அன்று ஆப்கானிஸ்தானை 2-1 என வென்று இந்தியா சாஃப் கோப்பையைத் தூக்கியது அங்கேதான். கார்ப்பரேட் பாக்ஸ் வாங்கக்கூடிய கம்பெனிகள் குவிந்திருக்கும் டெக்னோபார்க் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது இன்று பெரும்பாலும் கிரிக்கெட் மைதானம். கொம்பன்ஸ் ஆடுவது 15 கிலோமீட்டருக்கு அப்பால், மாலை நேர டிராஃபிக்கைத் தாண்டி, பாளையத்தில். வாங்குபவர் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம்.

கேலரிக்காரரை மறந்தால்?

ஹாஸ்பிடாலிட்டி காசு இனிக்கும்தான். ஆனால் அந்த 200 பேர் 3,000 ரூபாய் கொடுப்பது எதற்கு? எதிர்ப்பக்கம் 8 ஆயிரம் பேர் போடும் சத்தத்துக்கு. அவர்கள் இல்லாவிட்டால் பொரோட்டாவை ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடுவார்கள்.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்கு இது புரிந்திருக்கிறது. அங்கே தெற்கு ஸ்டாண்டில் சுமார் 25 ஆயிரம் பேர் நின்றுகொண்டே, குறைந்த விலையில் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட்டை பிரீமியர் லீக் 2016ல் 30 பவுண்டுக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டது. தேவைக்கேற்ப விலை மாறும் முறையை நம்பிய ஃபிஃபாவுக்கு 2025 கிளப் உலகக் கோப்பையில் வேறு அனுபவம். செல்சி-ஃபுளுமினென்ஸ் அரையிறுதி டிக்கெட் 473 டாலரிலிருந்து 13 டாலருக்கு இறங்கியது. முன்கூட்டியே வாங்கியவர்தான் ஏமாளி ஆனார். அடுத்த முறை அவர் கடைசி நாள்வரை காத்திருப்பார்.

கேலரி கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கொச்சி 2024 டிசம்பரில் பார்த்தது. தொடர் தோல்விகளுக்குப் பிறகு பிளாஸ்டர்ஸின் ரசிகர் அமைப்பான மஞ்சப்படை, நிர்வாகத்துக்கு எதிர்ப்பாக டிக்கெட் வாங்குவதில்லை என்று அறிவித்தது. பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே அதே மாதம் நீக்கப்பட்டார்.

கொம்பன்ஸ் என்ன செய்யலாம்?

ஸ்டேடியம் கட்டு என்று சொல்வது சுலபம், 5 ஹோம் மேட்ச்சை நம்பி யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். என் பார்வையில் முதலில் பேச வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றி. ஒவ்வொரு சீசனும் புதுசாக வாடகை பேசுவதற்குப் பதில், போலீஸ் துறையோடு பத்து வருஷக் குத்தகை கிடைத்தால் ஒரு பகுதியையாவது கிளப் தன் காசில் சீரமைக்க முடியும். இரண்டாவது, ஓசி பாஸை எண்ணுவது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் யாருக்கு எத்தனை போனது என்று வெளியிட்டாலே பாதி குறையும்.

மூன்றாவது, வாங்குபவரைத் தேடிப் போவது. டெக்னோபார்க் ஐடி ஊழியர் அமைப்பான பிரதித்வனி நடத்தும் செவன்ஸ் தொடரில் ஏராளமான கம்பெனிகள் தங்கள் டீமை இறக்குகின்றன. ஜெர்சி தைத்து, பிராக்டீஸ் போட்டு, வேலை முடிந்து ஆடுகிறார்கள். அதில் ஒவ்வொரு கம்பெனியும் 5 மேட்ச்சுக்கும் சேர்த்து 10 இருக்கை கொண்ட ஒரு பாக்கேஜ் எடுத்தால், 20 கம்பெனிகளிலேயே மேலே சொன்ன 200 நாற்காலியும் நிறைந்துவிடும். கழக்கூட்டத்திலிருந்து பாளையத்துக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ், மேட்ச் முடிந்ததும் திரும்ப ஒரு பஸ். அந்த பஸ் வாடகையை விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.